ராசாவின் குஞ்சுகள்

கொழிஞ்சாம்பாறை
2.9.2024

அன்புத் தம்பி ரமேஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அந்தத் தேவிகுளத்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. என் போனை உன் மாமாவும் எடுப்பார், அத்தையும் எடுப்பார். அதற்கு வருவதெல்லாம் இந்த வீட்டுக்கே வந்த மாதிரி. பதிலை நான் வேலை பார்க்கும் பால் சொசைட்டி விலாசத்துக்குப் போடு. அங்கே எனக்கு வருவதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

தென்னையில் வெள்ளை ஈ விழுந்த பிறகு உன் மாமா மாட்டுக்கொட்டகையில் தொட்டி வைத்து ஃப்ளவர்ஹார்ன் மீன் வளர்க்க ஆரம்பித்தாரே, அந்தக் கதையைக் கேள். நெற்றியில் தேங்காய் மாதிரிக் கொண்டை வைத்த ஆண் மீனுக்கு ராசா என்று பேர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுகிறார். ராசா கண்ணாடியில் முட்டி முட்டிப் பெட்டையைக் கூப்பிடுகிறது. பெட்டை தொட்டிக்குள் போட்ட ஓட்டின்மேல் முட்டை வைக்கிறது. ராசாவும் முட்டைமேல் போய்ப் போய் வருகிறது. மறுநாள் பார்த்தால் அத்தனையும் கெட்டு வெளுத்துக் கிடக்கும். அதற்கு அடுத்த நாள் பஞ்சு பூத்துவிடும்.

இதுவரை மூன்று பெட்டை. "பொட்ட சரியில்ல" என்று சொல்லி முதல் இரண்டையும் கிணற்றில் விட்டார். நேற்று மூன்றாவதும் கிணற்றுக்குப் போனது.

அத்தை சும்மா இருப்பாரா? "மீனுக்குத் தீனி போடறது ஆரு கை? இனிமே நீ கொட்டாய்க்குள்ள போவாத" என்றார். எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாத கை என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. உன் மாமா பக்கத்தில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் சிநேகிதன் ஜோபி, தேயிலை ஃபேக்டரியில் கரண்ட் வேலை பார்ப்பவன், அவனும் இதே மீன்தான் வளர்க்கிறான் என்றாயே. அவனிடம் கேட்டுச் சொல். ஒரு தடவை குஞ்சு பொரித்துவிட்டால் என் கையைப் பற்றிய பேச்சு நிற்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
அனுப்பிரியா


தேவிகுளம்
13.9.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி ரமேஷ்குமார் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். மழை விடாததால் சட்டைதான் ஒரு வாரமாகக் காயவில்லை. தாலூக் ஆபீஸுக்கு ஈரச் சட்டையோடு போய் வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜோபியிடம் கேட்டேன். முதல் கேள்வியே, "கொண்டை பெரிசாண்ணே?" என்றான். ரொம்பப் பெரிசு என்றேன். "அப்பம் சந்தேகம்தான்" என்று சிரித்தான். இந்த மீன் ஆற்றில் குளத்தில் தானாகப் பிறந்த சாதி இல்லையாம். மனிதர்கள் நாலைந்து சாதி மீன்களைக் கலந்து உண்டாக்கியதாம். அதனால் ஆண்களில் நிறைய வெறும் ஆண்கள். நிறம் இருக்கும், கொண்டை இருக்கும், சண்டை போடும், முட்டைமேல் போய் வரும். உள்ளே சரக்கு இருக்காது. "நானும் ரெண்டு வருசம் பெட்டையத்தான் வஞ்சுகிட்டிருந்தேன்" என்றான்.

கண்டுபிடிக்க ஒரே வழி, அதே பெட்டையை வேறு ஆணோடு விட்டுப் பார்ப்பதுதானாம். குஞ்சு வந்தால் குறை பழைய ஆணிடம். இதை மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அக்கா, தம்பி கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தீர்களே, என்ன சொன்னார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலில் தண்ணீர் கலப்பவர்களை விடாதீர்கள்.

என்றும் உங்கள் தம்பி
ரமேஷ்


கொழிஞ்சாம்பாறை
9.10.2024

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ நலமாக இரு.

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்பே டாக்டரம்மா சொல்லிவிட்டார். "இனி அவரை வரச் சொல்லுங்க" என்றார். வந்து உன் மாமாவிடம் சொன்னேன். அறுப்பு முடியட்டும் என்றார், தேங்காய் வெட்டு முடியட்டும் என்றார். அப்புறம் நானும் கேட்பதை விட்டேன்.

ராசா விஷயத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். எனக்குப் பக்குவம் போதவில்லை. "ஏனுங்க, ராசாகிட்டயே குறை இருக்குமுங்களா? சில ஆணு அப்படித்தானாமுங்க" என்றேன்.

பிசைந்த கை நின்றது. "ஆரச் சொல்லற?" என்றார்.

"மீனத்தானுங்க."

"மீனச் சொல்லற மாதிரித் தெரியலியே" என்று தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் பேச்சில்லை. சோறு வேண்டுமென்றால் அத்தையிடம் கேட்டார். நான் மீனைத்தான் சொன்னேன். பாதிதான் மீனைச் சொன்னேன் என்பதை உனக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து நாலாவது பெட்டையை வாங்கி வந்திருக்கிறார். சின்னது, சாம்பல் நிறம். தொட்டிக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து அந்தப் பக்கம் விட்டிருக்கிறார். அத்தை கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னைக் கண்டால் மேலே வருகிறது.

ராத்திரியில் கம்பளி போர்த்திக்கொள்.

அக்கா


தேவிகுளம்
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

படித்தவர், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர், ஒரு பரிசோதனைக்கா இந்தப் பயம்? லீவ் போட்டு வந்து மாமாவிடம் நேராகக் கேட்கட்டுமா? உங்களுக்காகக் கேட்க எனக்கு உரிமை இல்லையா? ஒரு வரி எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி ரமேஷ்


கொழிஞ்சாம்பாறை
28.12.2024

அன்புத் தம்பி,

நலமாக இருக்கிறாயா? வரவேண்டாம் என்று உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் வா என்று எழுதிவிடுவேனோ என்று பயந்து எழுதவில்லை.

அத்தையின் அண்ணன் போன வாரம் வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள். என்னை அத்துவிட்டுவிட்டு வேறு பெண் பார்க்கலாமாம். வேலந்தாவளத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம். நான் அவர்களுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அத்தையின் அண்ணன் சர்க்கரை குறைச்சல் என்றார்.

உன் மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல இந்தப் பொட்டையப் பாப்பம். இதுவும் வெளுத்துச்சுன்னா இந்த ஊட்டுக்கே ராசியில்லீன்னு அர்த்தம். அப்பறம் ரோசிக்கலாம்" என்றார். என் வாழ்க்கை ஒரு மீன் முட்டை வைப்பதில் வந்து நிற்கிறது, தம்பி. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறார். பிள்ளை வரம் கேட்டு வேண்டுதல். நம் ஊர்க் கூட்டத்தோடு காவடி எடுத்துப் போய், பூசம் முடிந்த பிறகுதான் வருவார். பெட்டை முட்டைக்குத் தயாராகிக்கொண்டு வருகிறது. தான் திரும்பி வந்த பிறகுதான் தடுப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் இல்லாத அந்த நாட்களுக்கு ஜோபி தன் ஆண் மீனைத் தருவானா? குஞ்சு பொரிக்கிற ஆண் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்த மீன் வேண்டும். ராசா தனித் தொட்டியில் இருக்கட்டும். முட்டையில் கருக் கூடியதும் ஜோபி மீனை நீ எடுத்துப் போய்விடலாம். அவர் வரும்போது குஞ்சு இருக்கும், ராசா இருக்கும். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஏமாற்று வேலைதான். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா அனு


தேவிகுளம்
9.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே புல்லில் உறைபனி. நானும் ஜோபியும் சுகம்.

ஜோபி முதலில் மாட்டேன் என்றான். தன் பெண் பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது மாதிரி யோசித்தான். உங்கள் நிலையைச் சொன்னதும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். ஆக்சிஜன் அடைத்த பையில் மீன், அதைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மேலே வட்டவடைக் கேரட்டைப் பரப்பிவிடலாம் என்று யோசனை. மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக வந்து சேர்கிறேன். மாமா இல்லாத நேரத்தில் வீட்டுக்குத் துணையாக வந்தேன் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. குஞ்சு வந்தால் மாமா ராசாவை நம்பிவிடுவார். அது பரவாயில்லையா? நீங்கள் பரவாயில்லை என்றால் எனக்கும் பரவாயில்லை.

தைரியமாக இருங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

ரமேஷ்


கொழிஞ்சாம்பாறை
19.2.2025

என் தங்கத் தம்பிக்கு,

நலமாக ஊர் சேர்ந்தாயா? ஜோபியின் மீன் நலமா? அவனுக்கு என் கும்பிடைச் சொல்.

நீ பெட்டியோடு பஸ் ஏறின மறுநாள் முட்டைக்குள் கண் தெரிந்தது. ஒன்றுகூட வெளுக்கவில்லை, தேன் நிறத்தில் இருந்தது. அவர் மொட்டைத் தலையோடு வந்து சேர்ந்த அன்றைக்கே பொரிக்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் கால் கழுவும்போதே என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதை விடு. ராசா முட்டியதில் தடுப்பு தானாகச் சாய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தொட்டிமுன் உட்கார்ந்தார். புண்ணான காலோடு, பூசின சந்தனத்தோடு உட்கார்ந்து அழுதார், தம்பி. எட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "அனு, குடுத்துட்டான் புள்ள" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையை!

அத்தை ஊருக்கெல்லாம் பஞ்சாமிர்தம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் போட்ட நாடகம் என்று தெரிந்தும் எனக்கே அது சாமி கொடுத்தது மாதிரி இருந்தது. வெகுநாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

நீயும் நன்றாகத் தூங்கு.

அக்கா


தேவிகுளம்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். ஜோபியின் மீனும் நலம். ஊர் சுற்றி வந்ததில் அதற்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருக்கிறது என்கிறான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா வாசலில் என்ன சொல்ல வந்தார்? அதை விடு என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏன்? இப்போது மனசு இளகியிருக்கும் நேரம், பரிசோதனைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.

பதில் போடுங்கள்.

ரமேஷ்


தேவிகுளம்
14.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

விஷு வாழ்த்துகள். நான் நலம். நீங்கள் நலமா என்று இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். போனில் பேசினால் "எல்லாரும் சௌக்கியமுங்க" என்று அத்தைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

ரமேஷ்


கொழிஞ்சாம்பாறை
6.5.2025

அன்புத் தம்பி,

உடம்பு நலம். மற்றதைக் கேட்காதே, நானே எழுதுகிறேன்.

அன்று வாசலில் அவர் சொன்னது இதுதான்: "அனு, நடக்கறப்பவே முடிவு பண்ணீட்டன். நாளைக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம், ரெண்டு பேரும். நானும் பாத்துக்கறன்." மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. காலில் ரத்தம் கட்டி, அவ்வளவு தூரம் நடந்து, யோசித்து வந்து சொன்னார். நான்தான் அங்கேயே சரி என்று சொல்லாமல் குஞ்சு காட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு போய் நின்றேன். "கோயமுத்தூர் போலாமுங்களா?" என்றேன். சிரித்தார். "இனி எதுக்குப் புள்ள? நம்முளுக்குக் குறை இல்லீன்னு சாமியே காட்டீருச்சு" என்றார். அவருக்கு மீனும் அவரும் ஒன்றுதான் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இது உனக்கு அன்றே எழுதியிருக்க வேண்டியது. சந்தோஷம் கொஞ்ச நாளாவது இருக்கட்டும் என்று எழுதவில்லை.

அத்தை இப்போது வேறு கணக்குப் போட்டுவிட்டார். "மூணு பொட்டைல வராதது நாலாவது பொட்டைல வந்துச்சு பாத்தியா? எம்பட பையங்கிட்டக் குறை இல்ல. மாத்தோணும், அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வேலந்தாவளத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். அவரும் போயிருந்தார். அவரை மாற்றியது அத்தை இல்லை, நானும் நீயும் கேரட்டுக்கு அடியில் கொண்டுவந்த மீன்தான்.

ஒன்று கவனித்தேன். போன மாதம் ராசாவையும் அதே பெட்டையையும் மறுபடி சேர்த்தார். என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் முட்டை வைக்கும் ஓட்டைத் தானே தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்.

ஜூன் மாதம் சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசப் போகிறார்களாம். என் பக்கத்துக்கு நீ ஒருத்தன்தான். வா.

அக்கா அனு


தேவிகுளம்
20.6.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

அன்று அத்தனை பேர் நடுவில் நான் எழுந்து ஜோபி மீன் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். தையலே விட்டுப்போயிற்று. நானும் உட்கார்ந்துவிட்டேன். இருவரும் சம்மதித்துப் பிரிவது என்று அவர்களே பேசி, அவர்களே முடித்துவிட்டார்கள். மாமா தலை நிமிரவே இல்லை. நீங்கள் எல்லாருக்கும் மோர் கொடுத்தீர்கள்.

ஏன் இழுத்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ரமேஷ்


கொழிஞ்சாம்பாறை
4.7.2025

அன்புத் தம்பி ரமேஷுக்கு,

நலமாக இரு. ஞாயிற்றுக்கிழமை உடுமலை வழி பஸ்ஸில் வருகிறேன். ஒரு பெட்டியும் ஒரு பையும்தான். எனக்கும் ஒரு கம்பளி வாங்கி வை. இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே, சொசைட்டி வேலையை விட்டுவிட்டேன்.

உன் சட்டையை ஏன் இழுத்தேன் என்று சொல்கிறேன். நீ வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் புள்ள" என்றார்.

"எப்படீங்க?"

"அதே பொட்ட, அதே தொட்டி. ராசாகூட உட்டா மறுபடி வெளுத்துப் போச்சு. நானேதான் கழுவி ஊத்துனன்."

அப்படியானால் கோயமுத்தூர் போகலாமா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன், தம்பி. துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "போயிப் பாத்து, இல்லீன்னு சொல்லீட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவன்? ஆருகிட்டயும் சொல்லீராத. நான் இந்த ஊருக்குள்ள நடக்கோணும்" என்றார்.

"அப்ப வேலந்தாவளத்துப் புள்ளய எதுக்குங்க கட்டறீங்க?"

"கட்டலீன்னா ஏன்னு கேப்பாங்கல்ல" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேல்தான் ஆத்திரம். கும்பிட்ட அந்தக் கை மறுநாள் கூட்டத்திலும் கண்ணிலேயே நின்றது. அதனால்தான் இழுத்தேன். நீ சொல்லியிருந்தாலும் அவர்கள் சிரித்திருப்பார்கள். இல்லையென்றால், புருஷன் விரதமிருக்கும்போது வீட்டுக்குள் வேறு ஆணைக் கொண்டுவந்தவள் என்று மீனை விட்டுவிட்டு என்னைப் பேசியிருப்பார்கள்.

நேற்றுப் பக்கத்துச் சித்தூரில் வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷமாகப் பிரிந்து வாழ்கிறோம் என்று மனுவில் எழுதியிருந்தது. அன்று காலையில் அவருக்கு இட்லி வைத்தவளே நான்தான். முடிந்ததும், சேர்ந்து ஊருக்குள் போனால் பேசுவார்கள் என்று, அவரே என்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது மெதுவாக, "உந்தம்பி ஊட்டுக்குத்தான போற? ஜோபிகிட்டச் சொல்லி அந்த ஆண மறுபடியும் ஒருக்கா அனுப்பச் சொல்லு. ராசாவோட குஞ்சு வேணும்னு நெறையப் பேரு கேக்கறாங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு நீ மீனாவது மண்ணாவது என்பாய். நானும் பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜோபியிடம் கேட்டு அனுப்பிவிடு. வருஷா வருஷம் அனுப்பச் சொல். தை மாதம் அந்த வேலந்தாவளத்துப் பெண் இங்கே வந்துவிடுவாள். இருபத்து மூன்று வயசு. வந்ததும் தீனி டப்பாவை அவளிடம்தான் கொடுப்பார்கள். முட்டை வெளுத்தால் அவள் கையைத்தான் பார்ப்பார்கள்.

உன் அக்கா
அனுப்பிரியா